ஒண்ணு, ரெண்டு, மூணு, நகர்த்து!

படுக்கையில் இருப்பவரைத் திருப்புவது, உட்காரவைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் தமிழ் வீடுகளில் தினமும் பலமுறை நடக்கும் வேலை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறோம். இந்த வேலையைச் செய்கிறவர்கள் கேட்ட கேள்விகளும், ஒரு பிசியோதெரபிஸ்டாக நான் சொல்லும் பதில்களும் இங்கே.

என்னைத் தூக்கி வளர்த்தவள் அம்மா. இப்போது அவள் படுத்த படுக்கை. "அம்மாவைத் தூக்காதீங்க" என்கிறார் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட். பெற்றவளைத் தூக்காமல் எப்படி இருப்பது?
(மகள், மன்னார்குடி)

அம்மா உங்களை முதலில் தூக்கியபோது நீங்கள் மூன்று கிலோ இருந்திருப்பீர்கள். வளர்ந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டீர்கள், இடுப்பில் ஒட்டிக்கொண்டீர்கள். இன்னும் கனம் கூடியபோது அம்மா என்ன செய்தாள்? இறக்கிவிட்டு, விரலைப் பிடித்து நடத்தினாள். அதைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறார்கள்.

கணக்கும் இதையே சொல்கிறது. நோயாளியைக் கையால் தூக்குபவருக்கு 16 கிலோவுக்கு மேல் சுமை வரக் கூடாது என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் வரையறுத்தார். அதுவும் நோயாளி ஒத்துழைத்து, தூக்குபவர் குனியாமல் திரும்பாமல் இருந்தால். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இரண்டு கால்களை மட்டும் சேர்த்தாலே ஏறத்தாழ 19 கிலோ வரும். முழு உடம்பைத் தூக்கினால் உங்கள் முதுகு போகும்; கை நழுவினால் அம்மாவின் இடுப்பெலும்பு போகும். அதன்பின் அம்மாவை யார் பார்ப்பது?

தூக்க வேண்டாம் என்றால் தொட வேண்டாம் என்று அர்த்தமில்லை. உருட்டலாம், சறுக்கி நகர்த்தலாம், சாய்க்கலாம், அவரே எழ ஆதரவு தரலாம். இந்த நான்கும் தெரிந்தால் தூக்குவதற்கு வேலையே குறைவு.

அப்பா கட்டிலில் கால்மாட்டுப் பக்கம் வழுக்கி வந்துவிடுகிறார். ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து மேலே இழுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கத்துகிறார்.
(அண்ணன் தம்பி, திண்டுக்கல்)

அப்பா கத்துவதில் நியாயம் இருக்கிறது. அக்குள் கைப்பிடி அல்ல. கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் அங்கேதான் ஓடுகின்றன. அங்கே பிடித்து இழுத்தால் உடம்பின் பாரம் தோள் மூட்டில் தொங்கும். இன்னொரு கேடும் உண்டு. தோல் மெத்தையோடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் மேலே போகும், இடையில் இருக்கும் சதை இழுபட்டு நசியும். படுக்கைப் புண் பலருக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

பீரோவில் பழைய பருத்திப் புடவை இருக்கும். அதை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி அப்பாவுக்கு அடியில் குறுக்கே விரித்து வையுங்கள். மருத்துவமனையில் இதை டிரா ஷீட் என்பார்கள். தலைமாட்டை மட்டமாக்குங்கள். தலையணையை எடுத்துக் கட்டிலின் தலைப்பலகையில் சாய்த்து வைத்தால் தலை இடிக்காது. அப்பாவின் முழங்கால்களை மடக்கிப் பாதங்களை மெத்தையில் ஊன்றச் சொல்லுங்கள். முகவாய் நெஞ்சைப் பார்க்கட்டும்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, புடவையின் ஓரத்தை அவர் உடம்பை ஒட்டும் வரை சுருட்டிப் பிடியுங்கள். ஒரு கை தோளருகே, மறுகை இடுப்பருகே. தலைமாட்டுப் பக்கமுள்ள காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்குங்கள். பின்காலில் இருக்கும் உங்கள் பாரத்தை முன்காலுக்கு மாற்றுங்கள். அப்பா அதே நேரத்தில் பாதத்தால் உந்தட்டும். துணியோடு அவரும் நகர்ந்துவிடுவார். பிறகு சுருக்கங்களை நீவி விடுங்கள். சுருங்கிய துணியும் தோலை அழுத்தும்.

வழுக்குவதைக் குறைக்கவும் வழி உண்டு. தலைமாட்டை உயர்த்தும் முன்பு, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து சற்று நேரம் ஆனதும் தலைமாட்டைத் தாழ்த்தி, முழங்கால் தலையணையையும் எடுத்துவிடுங்கள். அது நாள் முழுக்க அங்கேயே இருந்தால் முழங்கால் மடங்கியபடி இறுகிப்போகும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லும்போது மூணு என்ற சொல்லிலா, அதற்கு அப்புறமா? எங்கள் வீட்டில் இதற்கே தினமும் சண்டை.
(மாமியார், மருமகள், கும்பகோணம்)

எதுவாகவும் இருக்கட்டும், இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி இழுத்தால் நடுவில் இருப்பவர் கோணிப்போவார். நாலாவதாக ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நகர்த்து." அந்த நாலாவது சொல்லில்தான் கை அசைய வேண்டும். எண்ணுபவர் ஒருவராக இருக்கட்டும். தலைமாட்டில் நிற்பவர் எண்ணலாம்.

வீட்டில் பகலில் நான் ஒருத்திதான். மாமியாரைத் தனியாக ஒருக்களித்துப் படுக்கவைக்க முடியுமா?
(மருமகள், ஈரோடு)

முதுகுத்தண்டில் அடிபடாதவர், ஓரளவு ஒத்துழைப்பவர் என்றால் முடியும். கட்டில் சுவரோரமாக இருந்தால் முதலில் அதை இழுத்து, இரண்டு பக்கமும் நிற்க இடம் செய்யுங்கள்.

வலப்பக்கம் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். முதலில் அவரது இடப்பக்கம் நின்று, அடியிலிருக்கும் துணியைப் பிடித்து உங்கள் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். அப்படிச் செய்யாவிட்டால் திரும்பியதும் கட்டில் விளிம்புக்கு வந்துவிடுவார். பிறகு வலப்பக்கம் வந்து நில்லுங்கள். அவருடைய வலக்கையை உடம்பிலிருந்து விலக்கி வையுங்கள். இடக்கையை நெஞ்சின்மேல் குறுக்கே போடுங்கள். இட முழங்காலை மடக்குங்கள். முகம் உங்களைப் பார்க்கட்டும். உங்கள் ஒரு கை அவர் இடத்தோளின் பின்புறம், இன்னொரு கை இட இடுப்பில். மெதுவாக உங்களை நோக்கி உருட்டுங்கள். மடக்கிய முழங்கால் நெம்புகோல்போல வேலை செய்யும்.

எப்போதும் உங்களை நோக்கியே திருப்புங்கள். அப்போது நீங்களே வேலி. எதிர்ப்பக்கம் தள்ளினால், அவர் விழும்போது அந்தப் பக்கம் பிடிக்க ஆளிருக்காது.

திருப்பியதோடு வேலை முடியவில்லை. நேர் பக்கவாட்டில் படுத்தால் இடுப்பின் பக்கத்து எலும்பு முழுப் பாரத்தையும் தாங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்த நிலையில் விடுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கீழே இருக்கும் தோளைச் சற்று முன்னால் இழுத்துவிடுங்கள். காது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாதவருக்கு அந்த மடங்கிய காதே இரண்டு மணி நேர வேதனை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது யார் போட்ட கணக்கு? ராத்திரியுமா எழுந்திருக்க வேண்டும்?
(கணவர், விழுப்புரம்)

அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு மருத்துவர் இருக்கிறார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்த காலம் அது. இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கொரு முறை அவர்களைத் திருப்பவைத்தார் குட்மன். பிழைத்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், வில்லெடுத்தார்கள். 1948-இல் அங்கே அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட சதைக்கு ரத்தம் போகாது. அந்த அழுத்தத்தை விடுவிப்பதுதான் திருப்புவதன் நோக்கம். இரண்டு மணி என்பது தொடக்கக் கணக்கு. தோல் நன்றாக இருந்து, மெத்தையும் நல்லதாக இருந்தால், இரவில் இடைவெளியைக் கூட்டலாமா என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தோல் சிவந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். 10 மணி வலம், 12 மணி மல்லாக்க, 2 மணி இடம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மகன், மகள் என்று முறைவைத்துக்கொண்டால் உங்களுக்கும் தூக்கம் கிடைக்கும். உங்கள் தூக்கமும் மனைவிக்குத் தேவையான மருந்துதான்.

ஏர் பெட் வாங்கிவிட்டோம். இனித் திருப்ப வேண்டியதில்லையே?
(மகன், ஆவடி)

வேண்டும். ஏர் பெட் உங்களுக்கு உதவியாள். உங்களுக்குப் பதிலாள் ஆகாது. அதன்மேல் கனமான போர்வை, ரப்பர் ஷீட், மடித்த துணி என்று அடுக்கினால் அதன் பலன் போய்விடும். ஒரே ஒரு மெல்லிய விரிப்பு போதும். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும். அப்போது அவர் வெறும் கட்டில்மேல் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு கவனியுங்கள்.

பாட்டிக்குப் பின்னிடுப்பில் தோல் கன்றிப்போயிருக்கிறது. தேங்காயெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் ரத்த ஓட்டம் வருமா?
(பேத்தி, நாகர்கோவில்)

தேய்க்காதீர்கள். ஏற்கெனவே நசுங்கிய திசுவை மீண்டும் நசுக்குவதாகிவிடும். விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். நிறம் வெளுத்துத் திரும்பினால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் படி. நம் கறுத்த தோலில் சிவப்பு பல நேரம் தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாக, கெட்டியாக, கறுத்து, வலியோடு இருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள், புறங்கையால் தொட்டும் பாருங்கள்.

அந்த இடம் தேறும்வரை பாட்டி அதன்மேல் படுக்க வேண்டாம். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் கிழிந்தாலோ, கொப்புளம் கண்டாலோ, கறுத்துப்போனாலோ மருத்துவர் பார்க்கட்டும். தினமும் குளிப்பாட்டும்போது பின்னிடுப்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்புகள், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை, காது ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள்.

நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம்மேல் உட்காரவைக்கலாமா?
(மருமகன், ராணிப்பேட்டை)

வேண்டாம். ஓட்டையில் இருக்கும் இடம் தப்பிக்கும், வளையம் அழுத்தும் இடத்தில் ரத்தம் தடைபடும். குதிகாலுக்கும் வளையம் வேண்டாம். கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தொங்கவிடுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம். இடது கை கால் விழுந்துவிட்டது. எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுக்கிறோம். இப்போது தோள் வலி தாங்க முடியவில்லை என்கிறார்.
(மகன், விருதுநகர்)

வலிக்கும் காரணத்தை உங்கள் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். தோள் மூட்டின் பந்தைக் குழியில் பிடித்துவைத்திருப்பவை பெரும்பாலும் தசைகள். பக்கவாதத்தில் அவை தளர்ந்துவிடும். கையின் சொந்தக் கனமே பந்தைக் கீழே இழுக்கும். அந்தக் கையை நாமும் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும். இன்றோடு அந்தக் கையை இழுப்பதை நிறுத்துங்கள். தோளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மல்லாக்கப் படுக்கும்போது அந்தத் தோளுக்கும் கைக்கும் அடியில் தலையணை. உட்காரும்போது கை தொங்க வேண்டாம், மடியில் தலையணை வைத்து அதன்மேல் இருக்கட்டும். விழுந்த பக்கமாகவும் படுக்கலாம், அந்தத் தோளை முன்னால் எடுத்துவிட்டு. சட்டை போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது வராத கை கடைசியில். நடக்கும்போது நீங்கள் அவருடைய இடப்பக்கம், அதாவது பலமில்லாத பக்கம் நிற்க வேண்டும். நாற்காலிக்கு மாறும்போது நாற்காலி பலமுள்ள பக்கம் இருக்க வேண்டும்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் ஐந்து நிமிடம் எனக்கு ஐந்து மணி நேரம்போல இருக்கிறது. ஒழுங்கான முறை சொல்லுங்கள்.
(மனைவி, திருச்சி)

முதலில் இரண்டு கேள்விகள். அவரால் ஒரு காலையாவது ஊன்ற முடியுமா? சொன்னால் புரிந்து செய்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் தொடருங்கள். இல்லையென்றால் இந்த முறை வேண்டாம். இருவர் தேவை, அல்லது சர்ஜிக்கல் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் பேஷன்ட் லிஃப்ட் (ஆளைத் தூக்கும் கருவி) தேவை.

நாற்காலியைப் பலமுள்ள பக்கம், கட்டிலுக்குச் சற்றுக் கோணலாகப் போடுங்கள். இரண்டு பிரேக்கையும் பூட்டுங்கள். கால்வைக்கும் பலகைகளை மடக்குங்கள். விபத்துகள் பலவும் இந்த இரண்டை மறப்பதால்தான். அவருக்குக் காலுறை வேண்டாம், வழுக்கும். வெறுங்காலோ, பிடிப்புள்ள செருப்போ போதும்.

அவர் கட்டில் விளிம்பில் நகர்ந்து உட்காரட்டும். பாதங்கள் தரையில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். நீங்கள் எதிரில் நின்று, பலமில்லாத முழங்கால் மடங்காமல் உங்கள் முழங்காலால் அணைகொடுங்கள். பிடிக்க அகலமான துணி பெல்ட்டை அவர் இடுப்பில் கட்டுங்கள். லுங்கி முடிச்சைப் பிடித்து எழுப்பினால் முடிச்சு அவிழும், ஆளும் விழுவார். அவர் கைகள் கட்டிலிலோ நாற்காலியின் கையிலோ ஊன்றட்டும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இருவரும் சேர்ந்து விழுவீர்கள்.

இனி முக்கியமான இடம். மேலே எழச் சொல்லாதீர்கள். முன்னால் குனியச் சொல்லுங்கள். மூக்கு கால்விரல்களைத் தாண்டும் அளவுக்குக் குனிந்தால் பின்புறம் தானாக லேசாகும். அந்த நொடியில் அவர் எழுவார், நீங்கள் வழிகாட்டினால் போதும். நின்றதும் சிறு சிறு அடியாகத் திரும்புங்கள். நீங்களும் காலை எடுத்துவைத்தே திரும்ப வேண்டும், இடுப்பை முறுக்கக் கூடாது. நாற்காலி அவர் காலின் பின்புறம் தொட்டதும், கையை நாற்காலியில் வைத்து மெதுவாக உட்காரட்டும்.

உட்காரவைத்ததும் தலை சுற்றுகிறது என்கிறார்.
(மகள், சிவகாசி)

படுத்திருந்தவர் எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும், ரத்த அழுத்தம் குறையும். விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டு, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டி, ஓரிரு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். தெளிந்த பிறகு நிற்கலாம். தினமும் சுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகளாலும் இப்படி ஆகும்.

சாதம் ஊட்டும்போது தாத்தாவுக்கு அடிக்கடி புரை ஏறுகிறது. "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுகிறாள் அத்தை.
(பேரன், தஞ்சாவூர்)

நினைக்கிறவர்கள் நினைக்கட்டும், நாம் அவரை நிமிர்த்தி உட்காரவைப்போம். படுத்தபடி ஊட்டினால் சோறும் தண்ணீரும் மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். இடுப்பிலிருந்தே நிமிர்ந்து உட்காரவேண்டும். தலைக்கு மட்டும் தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். சாய்வில்லாத சாதாரணக் கட்டில் என்றால், கெட்டியான மர நாற்காலியைத் தலைமாட்டில் கவிழ்த்து, அதன் முதுகைச் சாய்மானமாக்கி மேலே தலையணைகள் வையுங்கள்.

ஊட்டுபவர் நின்றால் தாத்தா அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழலின் வாய் திறந்துவிடும். அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கச் சிறு கரண்டியால் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். அடிக்கடி புரையேறினாலோ, சாப்பிட்டதும் குரல் சளசளத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ மருத்துவரிடம் போங்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அப்பா விடமாட்டேன் என்கிறார்.
(மகன், காரைக்குடி)

விட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். எண்ணெய் தேய்த்த உடம்பை யாராலும் பிடிக்க முடியாது. முதலில் குளியலறைக்குக் கொண்டுபோய், முதுகுச்சாய்வும் கைகளும் உள்ள கெட்டியான நாற்காலியில் அமர்த்துங்கள். எண்ணெய் அங்கேதான். பாதத்துக்கும் உங்கள் உள்ளங்கைக்கும் எண்ணெய் வேண்டாம். சீயக்காய் போட்டு வழுக்கல் போன பிறகு, உடம்பையும் தரையையும் துடைத்துவிட்டு எழுப்புங்கள்.

நடக்கும்போது விழப்போனால் தாங்கிப் பிடிக்கவா?
(மனைவி, சேலம்)

தாங்க முயன்றால் இருவரும் விழுவீர்கள். கால்களை அகட்டி, அவரை உங்கள் உடம்போடு அணைத்து, உங்கள் தொடைவழியாக மெதுவாகத் தரையில் இறக்குங்கள். தலையைக் காப்பாற்றுங்கள்.

இறங்கியதும் தூக்காதீர்கள். முதலில் பேசுங்கள். தலையில் அடி, இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, நினைவு தடுமாறுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அசைக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒன்றுமில்லை என்றால், ஒருக்களித்து, முட்டிபோட்டு, எதிரில் போட்ட கெட்டியான நாற்காலியைப் பிடித்து அவரே எழட்டும். நீங்கள் பின்னால் இன்னொரு நாற்காலியோடு காத்திருங்கள்.

சாலை விபத்தில் கிடப்பவரைக் கைகால் பிடித்து ஆட்டோவில் ஏற்றலாமா?
(ஓட்டுநர், மதுராந்தகம்)

தீ, வெள்ளம், வண்டி மோதும் ஆபத்து இல்லையென்றால் ஏற்ற வேண்டாம். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் நாம் தூக்கும் விதமே அவரை வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் போட்டுவிடலாம். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108 வரும்வரை பேச்சுக் கொடுங்கள்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இறக்குகிறோம்.
(குடும்பத்தார், பெரம்பூர்)

வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் எப்போது விரிசல் விடும் என்று தெரியாது, அதுவும் படிநடுவில். 108-க்கு அழைக்கும்போதே மாடி, லிஃப்ட் இல்லை, நோயாளியின் எடை ஆகியவற்றைச் சொல்லுங்கள். முன்கூட்டித் தெரிந்த செக்கப் என்றால் மாடிப்படிக்கு ஏற்ற ஸ்ட்ரெச்சர் நாற்காலியோடு வரும் ஆம்புலன்ஸைக் கேளுங்கள். முடிந்தால் மருத்துவர் படியேறி வரட்டும், அல்லது தரைத்தள வீட்டுக்கு மாறுங்கள்.

யூரின் பேக்கை எங்கே வைப்பது?
(மகள், கரூர்)

எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல். மேலே தூக்கினால் பேக்கில் உள்ள சிறுநீர் உடம்புக்குள் சிறுநீர்ப்பைக்கே திரும்பும், தொற்று வரும். திருப்புவதற்கு முன் பேக்கைக் காலி செய்து, குழாய் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அத்தைக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை. தரையில் உட்கார ஆசைப்படுகிறார்.
(மருமகள், பொள்ளாச்சி)

மருத்துவர் சம்மதிக்கும்வரை வேண்டாம். பின்பக்கமாக அறுவை செய்திருந்தால் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, கால்மேல் கால் போடுவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது மூன்றும் மூட்டை நழுவவைக்கலாம். சம்மணமும் இந்திய டாய்லெட்டும் அதனால்தான் கூடாது. உயரமான நாற்காலி, உயரம் கூட்டிய கமோடு, ஒருக்களிக்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை.

எனக்கு முதுகுவலி. இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு தூக்கலாமா?
(ஹோம் நர்ஸ், கோயம்புத்தூர்)

பெல்ட் போட்டால் ஆரோக்கியமான தொழிலாளிக்குக்கூடக் காயம் குறையும் என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம் 1994-லேயே சொல்லிவிட்டது. பெல்ட் தரும் துணிச்சலில் கூடுதலாகத் தூக்குவோம் என்பதுதான் ஆபத்து. கட்டில் உங்கள் இடுப்புயரத்துக்கு வரட்டும். சறுக்கு விரிப்பு வாங்கித் தரச் சொல்லுங்கள். கனமானவருக்கு இரண்டாவது ஆளைக் கேளுங்கள். உங்களை வேலைக்கு வைத்த வீட்டார் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: அந்தப் பெண்ணின் முதுகு சம்பளத்தில் சேராது. அதைக் கேட்காதீர்கள்.

ராத்திரி மறதியில் கட்டிலைவிட்டு இறங்கிவிடுகிறார். கையைக் கட்டிவைக்கச் சொல்கிறார்கள்.
(மகள், திருநெல்வேலி)

கட்டாதீர்கள். கட்டினால் திமிறுவார், தோல் கிழியும், பயம் கூடும். அவர் ஏன் இறங்குகிறார் என்று பாருங்கள். சிறுநீரா, தாகமா, வலியா? படுக்கும் முன் டாய்லெட், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், ஒரு சிறு விளக்கு. கட்டிலைத் தாழ்த்துங்கள், அல்லது மெத்தையைத் தரையிலேயே போடுங்கள். தரையில் படுத்தவர் விழ இடமேது?

இதையெல்லாம் நேரில் சொல்லித்தர ஆள் கிடைப்பார்களா?
(விவசாயி, கிருஷ்ணகிரி)

உங்கள் மாவட்டத்தில்தான் 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலிதணிப்புப் பராமரிப்பும் தருவது அதில் ஒரு பகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளிலும் விடாதீர்கள்: "ஒருமுறை எங்கள் கையாலேயே செய்து பார்க்கிறோம், கூட நில்லுங்கள்" என்று கேளுங்கள். மருந்துச்சீட்டு வாங்குவதைப்போல இதுவும் உங்கள் உரிமை.

கழுத்துக்குக் கீழே அசைவில்லை என் தம்பிக்கு. வயது 22. இனி என்ன இருக்கிறது அவனுக்கு?
(அக்கா, தென்காசி)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அங்கேயே, மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதற்கும் முன்னால், வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் இரண்டு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணம்.

இவர்களையும் யாரோ திருப்பினார்கள், யாரோ நாற்காலிக்கு மாற்றினார்கள். தம்பியின் தோலை நீங்கள் புண்ணாகாமல் காக்கும் ஒவ்வொரு நாளும் அவன் உட்காரும் நாளைப் பக்கத்தில் கொண்டுவருகிறது. ஒருமுறை ஆய்க்குடிக்குப் போய்ப் பாருங்கள்.

ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறேன். கைகால்தான் வரவில்லை, பேச்சும் புத்தியும் தெளிவு. ஆனால் என்னைத் திருப்பும்போது யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. "பிடி, தூக்கு, அந்தப் பக்கம் தள்ளு" என்று அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். திடீரென்று உடம்பு சாயும்போது தினமும் பயப்படுகிறேன்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை)

ஐயா, இதுவரை எழுதிய பதில்களெல்லாம் பிடிக்கிறவர்களுக்கு. இது உங்களுக்கு.

சொல்லாமல் நகர்த்தினால் உடம்பு விறைக்கும். விறைத்த உடம்பு கனக்கும், நழுவும், வலிக்கும். முன்கூட்டிச் சொன்னால் மூச்சு சீராகும், தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும், எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தசையும் கைகொடுக்கும். மரியாதையாகச் செய்தாலே வேலை பாதி லேசாகும். உங்கள் வீட்டாருக்கு உங்கள்மேல் அன்பு இல்லாமல் இல்லை. பாரத்தைக் கவனிக்கிற அவசரத்தில் ஆளை மறந்துவிட்டார்கள்.

தலைமாட்டில் நிற்பவர் எண்ணலாம் என்று கும்பகோணத்துக்கு எழுதினேன். அதைத் திருத்துகிறேன். பேச்சு தெளிவாக உள்ள ஒருவர் கட்டிலில் இருந்தால், எண்ண வேண்டியவர் அவர்தான். எத்தனையோ வருடம் வகுப்பறையில் பிள்ளைகளை எண்ணவைத்தவர் நீங்கள். நாளைக் காலை இந்தப் பக்கத்தை அவர்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கட்டும். உங்கள் மூச்சு தயாரானதும், நீங்கள் தொடங்குங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நகர்த்து.